வேளாண் புவியியலின் எல்லை எது? காவிரி டெல்டாவை முன்வைத்து ஒரு கேள்வி

மருதமாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் புவியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. மன்னார்குடிக்கு அருகில் உள்ள ஒரு கிராமம் எனக்குச் சொந்த ஊர். ஆய்வேட்டுக்கு வேளாண் புவியியலைத் தேர்ந்தெடுத்து, "காவிரி டெல்டாவின் பயிர் முறை" என்று தலைப்பும் எழுதிக் கொடுத்தேன். நெறியாளர் அதைப் படித்துவிட்டு, "இதில் புவியியல் எங்கே இருக்கிறது?" என்ற ஒரே கேள்வியோடு திருப்பித் தந்தார். இரண்டு வாரமாக அதற்கு விடை தேடிக்கொண்டிருக்கிறேன்.

வேளாண் புவியியல் என்பது வேளாண் தொழிலின் இடப் பரவலையும் அப்பரவலில் காணும் வேறுபாடுகளையும் விளக்கும் துறை என்று பாடக் குறிப்புகளில் உள்ளது. பரப்பெல்லை என்ற தலைப்பின் கீழ் மண், மழை, பாசனம், நிலவுடைமை, பயிர்ச் சேர்க்கை, விளைதிறன், சந்தை, உணவுப் பாதுகாப்பு என்று பட்டியல் நீள்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஒரு தனித் துறை இருக்கிறதே என்பதுதான் என் குழப்பம். மண்ணை மண்ணியலாரும், பயிரை உழவியலாரும், விலையையும் கூலியையும் பொருளியலாரும் என்னைவிட நன்றாகவே அறிவார்கள். அவர்கள் எழுதியவற்றைத் தொகுத்து ஒரு வரைபடத்தை ஒட்டிவிட்டால் அது வேளாண் புவியியல் ஆகிவிடுமா?

இன்னொரு ஐயமும் உண்டு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்ற நிலப் பாகுபாட்டையே வேளாண் புவியியலின் தொடக்கமாகக் காட்டி முன்னுரை எழுதலாம் என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். அது பொருத்தமாக இருக்குமா? அறிந்தவர்கள் வழிகாட்டினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் நெறியாளர் கேட்டது சரியான கேள்வி. அதற்காக மனம் தளர வேண்டாம். இந்தப் பாடத்தை நெடுங்காலம் கற்பித்த எனக்கும் முதல் சில ஆண்டுகள் அதற்கு விடை தெரியாமல்தான் இருந்தது.

பரப்பெல்லையைப் பொருள்களின் பட்டியலாக எழுதும் பழக்கத்திலிருந்தே இந்தக் குழப்பம் பிறக்கிறது. மண்ணோ மழையோ விலையோ புவியியலுக்கு மட்டும் உரிய சொத்து இல்லை. நமக்கு உரியது அவற்றைப் பற்றி நாம் கேட்கும் கேள்வி. ஒரு வயலில் உளுந்து நன்றாக விளைவது எப்படி என்று உழவியலார் கேட்பார். உளுந்து போட்டால் செலவு போக என்ன மிஞ்சும் என்று பொருளியலார் கேட்பார். இந்த ஊர்வரை உளுந்து இருக்கிறது, அடுத்த ஊரில் ஏன் இல்லை என்று நாம் கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு விடை தேடும்போது மண்ணியலாரிடமும் பொருளியலாரிடமும் கடன் வாங்குவோம். கேள்வி மட்டும் நம்முடையது.

இதை முதன்முதலில் தெளிவாக்கியவர் தொழில்முறைப் புவியியலாளர் அல்லர், ஒரு பண்ணையாளர். ஜெர்மனியின் மெக்லென்புர்க் பகுதியில் டெல்லோ என்ற பண்ணையை வைத்திருந்த யொஹான் ஹைன்ரிஷ் ஃபான் தூனன், தம் பண்ணையின் வரவு செலவை ஆண்டுக்கணக்காக நுணுக்கமாக எழுதிவந்து, அந்தக் கணக்கிலிருந்து 1826-இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். சுற்றிலும் ஒரே தரமான மண் பரவிய சமவெளி. அதன் நடுவே ஒரே ஒரு நகரம். ஆறும் கால்வாயும் இல்லை, விளைந்ததை வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இப்படி ஒரு நாட்டைக் கற்பனை செய்துகொண்டு, அங்கே எந்தப் பயிர் எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டார். விரைவில் கெட்டுப்போகும் பாலும் காய்கறியும் நகரத்தை ஒட்டிய வளையத்தில் வந்தன. கனமான, ஆனால் நகரத்துக்கு அன்றாடம் தேவைப்பட்ட விறகுக்கான காடு அடுத்த வளையத்தில் வந்தது. அதற்கப்பால் தானியம், நகரத்தை விட்டு விலக விலகச் செறிவு குறைந்துகொண்டே போனது. தானாக நடந்தே சந்தைக்கு வரக்கூடிய கால்நடை கடைசி வளையத்தில் நின்றது.

மண் எங்கும் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும் பயிர் இடத்துக்கு இடம் மாறும் என்று காட்டியதே அவர் செய்த பெரிய காரியம். பயிர் வேறுபாட்டுக்கு மண்ணும் மழையும் மட்டுமே காரணம் என்று நினைக்கும் ஒருவர் அவருடைய கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும். இருப்பிடம் என்பதே பயிரை முடிவு செய்யும் ஒரு காரணி என்று புரிந்துவிடும். இன்று லாரியும் குளிர்பதன வண்டியும் வந்து அந்த வளையங்களைக் கலைத்துவிட்டன என்பது உண்மைதான். ஆனாலும் மதுரையைச் சுற்றிய மல்லிகைத் தோட்டங்களைப் பாருங்கள். விடிவதற்கு முன்பே மொட்டாகப் பறித்து, அது விரிவதற்குள் விற்றாக வேண்டிய பூ அது. விமானத்தில் அயல்நாடு போகும் காலத்திலும், பறித்த பூ காலை ஏலத்துக்குள் பூச்சந்தையை அடையக்கூடிய தொலைவுதான் அந்தத் தோட்டங்களின் பரவலை முடிவு செய்கிறது.

தூனனுக்குப் பின் வந்தவர்களில் டெர்வென்ட் விட்டில்சி 1936-இல் உலகத்தை 13 வேளாண் வகைகளாகப் பிரித்தார். பயிரும் கால்நடையும் சேர்ந்திருக்கும் விதம், சாகுபடி முறை, உழைப்பும் முதலும் இடப்படும் செறிவு, விளைந்தது வீட்டுக்கா விற்பனைக்கா என்பது, பண்ணைக் கட்டடங்களின் அமைப்பு என்ற ஐந்து அளவைகளை அவர் பயன்படுத்தினார். தேர்வுக்கு 13 வகைகளையும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஆய்வுக்கு அந்த ஐந்து அளவைகள்தான் பயன்படும். அதன் பின்னர் 1964-இல் ஜூலியன் வோல்பெர்ட் மத்திய சுவீடனின் உழவர்களை ஆராய்ந்து, கிடைக்கக்கூடிய மிகுந்த வருமானத்தை நோக்கி அவர்கள் முடிவெடுப்பதில்லை, போதும் என்ற அளவும் ஆபத்துக் குறைவும் உள்ள வழியையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று காட்டினார். நம் ஊரில் நிச்சயமான கொள்முதல் இருக்கிறது என்பதற்காக நெல்லை விடாதவர்களைப் புரிந்துகொள்ள இது மிகவும் உதவும். 1980-களுக்குப் பிறகு அரசுக் கொள்கை, உணவு வணிகம், நிலத்தின் மீதான அதிகாரம் ஆகியவையும் துறைக்குள் வந்துசேர்ந்தன. பரப்பெல்லை விரிந்தது, கேள்வி மாறவில்லை.

இனி உங்கள் தலைப்புக்கு வருகிறேன். "டெல்டாவின் பயிர் முறை" என்றால் டெல்டா முழுவதும் ஒன்று என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு வழியாகப் பட்டுக்கோட்டைக்குப் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து ஒருமுறை போய்வாருங்கள். வழியில் வண்டல் முடிந்து செம்மண் தலைகாட்டும்; நெல் குறைந்து கரும்பும் கடலையும் தென்படும்; பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் இடையே தென்னை தோப்பாகவே நிற்கும். தஞ்சாவூர்க்காரர்கள் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய், மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட 1934-இல்தான் அந்தப் பகுதிக்கு நீர் கொண்டுவந்தது. பழைய டெல்டா, புதிய டெல்டா என்று மக்கள் பேச்சிலேயே இருக்கும் அந்த எல்லைக்கோட்டை வரைபடத்தில் வரைந்து, அது ஏன் அங்கே விழுகிறது என்று கேட்டால் உங்கள் ஆய்வில் புவியியல் வந்துவிடும்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். 1980-களின் இறுதியில் திட்டக்குழு இந்தியாவை 15 வேளாண் தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்தபோது, காவிரி டெல்டா கிழக்குக் கடற்கரைச் சமவெளியில் ஆந்திர, ஒடிசாக் கடற்கரைகளோடு ஒரே மண்டலத்தில் சேர்ந்தது. தமிழ்நாட்டளவில் 7 மண்டலங்களாகப் பிரிக்கும்போது அது தனி மண்டலம் ஆகிறது. வட்டாரம் என்ற அளவுக்கு இறங்கினால், பாசன நீர் முதலில் பாயும் தலைமடையும் கடைசியில் எட்டும் கடைமடையும் இரண்டு உலகங்கள். மூன்றுமே உண்மைதான், எந்த அளவில் நின்று பேசுகிறீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

திணைப் பாகுபாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். நிலத்தோடு உணவையும் தொழிலையும் மரத்தையும் விலங்கையும் சேர்த்து ஒரே தொகுதியாகக் காணும் கருப்பொருள் என்ற கருத்து எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. இருப்பினும் அது கவிதைக்கான இலக்கணம். எந்த ஊர் மருதம், அது எங்கே முடிகிறது என்று அளந்து சொல்வது அதன் நோக்கம் இல்லை. முன்னுரையில் ஒரு பத்தியில் மதிப்போடு நினைவுகூரலாம். ஆய்வு முறையாக அதைக் கொண்டால் இரண்டுக்கும் நியாயம் செய்ததாகாது.

வடவாற்றுக்காரர்:

ஆசிரியர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். வேளாண்மைத் துறையில் களப்பணி செய்தவன் என்ற முறையில் ஒரு திருத்தமும் ஒரு தகவலும் சேர்க்க விரும்புகிறேன்.

திருத்தம் இது. பழைய டெல்டா, புதிய டெல்டா என்று மண்ணையும் வாய்க்காலையும் வைத்துப் பிரித்துவிட்டால், பழைய டெல்டாவுக்குள்ளேயே இருக்கும் வேறுபாடு மறைந்துவிடும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. அன்று திறந்தால் குறுகிய கால நெல்லான குறுவை நடலாம். குறுவை அறுத்த வயலில் இரண்டாம் போக நெல்லான தாளடி நடலாம். குறுவையை விட்டுவிட்டால் ஒருபோகமாக நீண்ட காலச் சம்பா மட்டும் போடலாம். பாடநூல்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் 2011-க்குப் பிறகு 2020 வரை அணை அந்த நாளில் திறக்கப்படவே இல்லை. அந்த எட்டு ஆண்டுகளில் குறுவை அடியோடு மறைந்துவிட்டதா என்றால் இல்லை. கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் பில்டர் பாயிண்ட் என்னும் ஆழமற்ற குழாய்க் கிணறு வைத்திருந்தவர்கள், ஆற்று மணலுக்கு அடியில் ஆழமில்லாமல் ஊறிநிற்கும் நல்ல நீரை இறைத்து நாற்றுவிட்டு நட்டார்கள். 1990 முதல் பம்ப்செட்டுகளுக்கு இலவச மின்சாரம் இருப்பதும் அதற்குத் துணையாயிற்று. உங்கள் மன்னார்குடிக்குத் தெற்கேயும் கிழக்கேயும் போகப் போக நிலத்தடி நீர் உவர்ப்பாகிறது; அங்கே பில்டர் பாயிண்ட் இறக்கிப் பயனில்லை. ஆகவே அந்த ஆண்டுகளின் குறுவை வரைபடத்தை நீங்கள் எடுத்துப் பார்த்தால், அது காவிரியின் வரைபடமாக இருக்காது. நல்ல நிலத்தடி நீர் எங்கே இருக்கிறது என்பதன் வரைபடமாக இருக்கும். ஆற்றுப் பாசனப் பகுதி என்று நாம் பெயர் வைத்திருக்கும் இடத்தின் பெரும்பகுதி, இடர்ப்பட்ட காலத்தில் கிணற்றுப் பாசனப் பகுதியாக நடந்துகொண்டது. புவியியல் மாணவர் ஒருவர் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

தகவல், நெல் தரிசு உளுந்தைப் பற்றியது. சம்பாவோ தாளடியோ அறுப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, கதிர் சாய்ந்து நிற்கும் வயலிலேயே ஈரம் பார்த்து உளுந்தையும் பயறையும் விதைத்துவிடுவது டெல்டாவின் பழைய வழக்கம். அறுவடை முடியும்போது செடி முளைத்து நிற்கும். பிறகு உழவும் இல்லை, பாசனமும் இல்லை. மண்ணில் எஞ்சிய ஈரத்திலும் தைக்குப் பிந்தைய பனியிலுமே விளைந்துவிடும். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே ஏ.டி.டி. 3 என்ற உளுந்து இரகத்தை வெளியிட்டது.

அரிவாளால் அறுத்த காலத்தில் இதில் சிக்கல் இல்லை. அறுவடை இயந்திரம் வந்த பிறகு, அதன் சக்கரமும் சங்கிலிப் பட்டையும் முளைத்த உளுந்தை நசுக்குகின்றன. ஆள் கிடைக்காததால் இயந்திரத்தை விடவும் முடியாது. அதனால் அறுவடைக்குப் பின் விதைக்கலாம் என்று பலர் மாறினார்கள். அதற்குள் ஈரம் போய்விடுகிறது. சிலர் கோடையில் பருத்திக்கும் எள்ளுக்கும் போனார்கள். நீர் உள்ளவர்கள் கோடை நெல்லுக்கே போனார்கள். மண் மாறவில்லை, மழை மாறவில்லை. ஒரு இயந்திரத்தின் சக்கரம் பயிரின் பரவலை மாற்றியிருக்கிறது. உளுந்து குறைந்ததைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தட்பவெப்ப மாற்றம் என்று யாரேனும் எழுதிவிடுவார்களோ என்ற அச்சத்தில்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதினேன்.

இன்னொன்று. நெல்லுக்கு ஊருக்கு அருகிலேயே அரசின் நேரடிக் கொள்முதல் நிலையம் இருக்கிறது. உளுந்தைப் பெரும்பாலும் வியாபாரியிடம்தான் கொண்டுபோக வேண்டும். வோல்பெர்ட்டைப் பற்றி ஐயா எழுதியதைப் படித்தபோது இது நினைவுக்கு வந்தது.

மருதமாணவி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் வீட்டில் அப்பா மூன்று ஆண்டுகளாக உளுந்து தெளிக்கவில்லை. காரணத்தைக் கேட்டபோது "இயந்திரம் வந்துடுச்சு" என்று ஒரு வரியில் சொன்னார். நான் அதை ஆய்வுக்குரிய செய்தியாக எண்ணவே இல்லை. வடவாற்றுக்காரர் ஐயா எழுதியதைப் படித்த பிறகுதான் அதன் பொருள் விளங்கியது.

தலைமடையிலிருந்து கடைமடை வரை ஒரு கோடு எடுத்து, அதன் வழியே பயிர் எங்கெங்கே மாறுகிறது என்று பார்க்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். இதில் மேலும் இரண்டு ஐயங்கள் எழுகின்றன. கடைமடைப் பகுதியை எனக்கு நேரடியாகத் தெரியாது. அங்கே நீர் பற்றாமல் போவதுதான் முதன்மைக் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாமா? அடுத்து, நெறியாளர் வீவரின் பயிர்ச் சேர்க்கை முறையைக் கட்டாயம் பயன்படுத்தச் சொல்கிறார். அதை டெல்டாவுக்கு அப்படியே பொருத்தலாமா?

கடைமடை உழவர்:

அம்மா, நான் தலைஞாயிறு பக்கம் சாகுபடி செய்பவன். முதல் ஐயத்துக்கு நான் விடை சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கடைமடை என்றவுடன் நீர் வராத இடம் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். ஆகஸ்ட், செப்டம்பரில் எங்களுக்கு நீர் பற்றாது. அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழையில் மேலே உள்ள வயல்களின் வடிநீரும் சேர்ந்து எங்கள் தலையில்தான் இறங்கும். அப்போது நீரை வெளியேற்ற முடியாமல் தவிப்போம். கடல் மட்டத்துக்கும் எங்கள் வயலுக்கும் உயர வேறுபாடு மிகக் குறைவு. மழைநாளில் கடல் ஏறி நின்றால் வடிகாலில் நீர் நகராது. ஆகவே எங்கள் பயிர்த் தேர்வை முடிவு செய்வது பாசனம் பாதி, வடிகால் பாதி.

அதற்கு ஏற்றபடிதான் எங்கள் வழக்கமும் அமைந்திருக்கிறது. நாற்றுவிட்டு நடுவதற்கு நீரை எதிர்பார்த்துக் காத்திருந்தால், நட்ட இளம்பயிர் நவம்பர் வெள்ளத்தில் மூழ்கிவிடும். ஆகவே புழுதி உழவு உழுது நேரடியாக விதைத்துவிடுகிறோம்; ஆடி ஆவணி மழையில் முளைத்துவிட்டால், பெருமழை வருவதற்குள் பயிர் நீர் தாங்கும் உயரத்துக்கு வந்துவிடும். சி.ஆர். 1009 போன்ற நீண்ட கால இரகத்தை எங்கள் பகுதி விடாமல் வைத்திருப்பதற்கும், மூழ்கினாலும் சில நாள் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 வந்தபோது ஆர்வத்தோடு வாங்கியதற்கும் இதுவே காரணம். வெளியூரிலிருந்து வருபவர்கள் நேரடி விதைப்பைப் பார்த்துவிட்டு, ஆள் கூலியை மிச்சப்படுத்தச் செய்கிறோம் என்று குறித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். கூலி மிச்சமாவது உண்மைதான். ஆனால் நாங்கள் விதைப்பது வெள்ளத்தின் நாளைக் கணக்கிட்டு.

உப்பையும் மறக்க வேண்டாம். கோடையில் ஆற்றில் நன்னீர் வரத்து நின்றவுடன் கடல்நீர் வடிகால் வழியே உள்ளே ஏறுகிறது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது கரையோர வயல்கள் உப்பேறிப்போயின. மழை பெய்து உப்பைக் கழுவும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் பகுதியில் உளுந்து எந்த ஊரோடு நிற்கிறது என்று நீங்கள் கோடு போட்டால், கோடையில் உப்பு எதுவரை ஏறுகிறது என்பதையும் பக்கத்திலேயே போட்டுப் பாருங்கள்.

நேரில் வருவதாக இருந்தால் கார்த்திகையில் ஒருமுறையும் சித்திரையில் ஒருமுறையும் வாருங்கள். ஒரே மாதத்தில் பார்த்துவிட்டுப் போனால் எங்கள் ஊர் பாதிதான் தெரியும்.

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்:

கடைமடை உழவர் எழுதிய ஒவ்வொரு வரியும் எனக்கே பாடமாக இருந்தது. வடவாற்றுக்காரர் செய்த திருத்தத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். 2012 முதல் 2019 வரையான குறுவை என்பது ஒரு முதுகலை ஆய்வேட்டுக்கு முழுமையாகப் போதுமான பொருள்.

வீவர் முறைக்கு வருகிறேன். 1954-இல் ஜான் வீவர் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதிக்காக இதை உருவாக்கினார். ஒரு வட்டாரத்தில் ஒவ்வொரு பயிரும் சாகுபடிப் பரப்பில் எத்தனை விழுக்காடு என்று இறங்கு வரிசையில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே பயிர் என்றால் 100, இரண்டு பயிர் என்றால் ஒவ்வொன்றுக்கும் 50, மூன்று என்றால் 33.3 என்ற கற்பனைப் பங்கீட்டோடு அதை ஒப்பிட்டு, வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டிப் பயிர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எந்தக் கற்பனைப் பங்கீட்டுக்கு விடை மிகக் குறைவோ, அதுவே அந்த வட்டாரத்தின் பயிர்ச் சேர்க்கை.

உதாரணமாக, ஒரு வட்டாரத்தில் நெல் 60, உளுந்து 25, பருத்தி 10, கரும்பு 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பயிருக்கு விடை 1600. இரண்டு பயிருக்கு 362.5, மூன்றுக்கு 441.7, நான்குக்கு 462.5. குறைந்தது 362.5 என்பதால் இது நெல்–உளுந்துச் சேர்க்கை என்று முடிவாகும். கணக்கு எளிது, விடையும் பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கிறது. ஆனால் இங்கேதான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். வீவரின் நிலப்பரப்பில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு பயிர். மக்காச்சோளமும் ஓட்ஸும் சேர்ந்திருக்கின்றன என்றால் பக்கத்துப் பக்கத்து வயல்களில் நிற்கின்றன என்று பொருள். டெல்டாவில் நெல்லும் உளுந்தும் ஒரே வயலில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. வீவருடைய சேர்க்கை இடத்தில் நடப்பது. நம்முடையது காலத்தில் நடப்பது. வாய்பாட்டுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

நிகர சாகுபடிப் பரப்பையும் மொத்த சாகுபடிப் பரப்பையும் குழப்பிக்கொண்டால் நிலைமை இன்னும் மோசமாகும். 100 ஏக்கர் உள்ள ஒரு சிற்றூரில் 60 ஏக்கரில் குறுவை, அதே 60-இல் தாளடி, மீதி 40-இல் சம்பா, எல்லாம் முடிந்து 70 ஏக்கரில் உளுந்து என்றால் மொத்தப் பரப்பு 230 ஏக்கர். சாகுபடிச் செறிவு 230 விழுக்காடு. இதில் நெல்லின் பங்கு மொத்தத்தில் சுமார் 70 விழுக்காடு என்று வரும். ஆனால் அந்த ஊரில் நெல் நிற்காத வயலே இல்லை. ஆகவே நெறியாளர் சொன்னபடி வீவர் முறையைச் செய்யுங்கள். பருவவாரியாகத் தனித்தனியே செய்யுங்கள். குறுவைப் பருவத்துக்கு ஒன்று, சம்பா–தாளடிக்கு ஒன்று, தை அறுப்புக்குப் பிந்தைய பருவத்துக்கு ஒன்று. அந்த மூன்று வரைபடங்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே உங்கள் ஆய்வின் மையமாக அமையட்டும். அதைச் செய்தால் நெறியாளரின் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும் என்று நம்புகிறேன்.

தரவைப் பற்றிச் சில எச்சரிக்கைகள். மாவட்ட அளவிலான பருவ மற்றும் பயிர் அறிக்கைகளை நீண்ட காலத்துக்கு ஒப்பிடும்போது, பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்ததையும், 1997-இல் திருவாரூர் உருவானதையும், 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனதையும் மறக்கக் கூடாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் நிலம் ஒன்றாக இருக்காது. எல்லை மாறியதால் குறைந்த பரப்பைச் சாகுபடி குறைந்ததாக எழுதிவிடும் பிழையை நான் பல ஆய்வேடுகளில் திருத்தியிருக்கிறேன். வட்டார அளவில் நின்றால் இந்தச் சிக்கல் குறையும்.

செயற்கைக்கோள் படங்களைப் பயன்படுத்துவீர்கள் என்று நினைக்கிறேன். சம்பாக் காலத்தில் டெல்டாவின் வானம் மேகத்தால் மூடியிருக்கும் என்பதால் சாதாரணப் படங்கள் அதிகம் உதவா. 2014 அக்டோபர் முதல் கிடைக்கும் சென்டினல் 1 ரேடார் படங்கள் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். நடவுக்கு முன் நீர் நிற்கும் வயலை அவற்றில் தெளிவாக அடையாளம் காணலாம். 2012, 2013, 2014 குறுவைக்கு மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் படங்களைப் பெரிதும் நம்ப வேண்டியிருக்கும். அவற்றின் ஒரு படப்புள்ளி 250 மீட்டர் என்பதால், டெல்டாவின் சிறு வயல்கள் பல ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். அந்த மூன்று ஆண்டுகளுக்குக் கிராமக் கணக்குத்தான் கைகொடுக்கும்.

கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் அடங்கலில் புல எண் வாரியாக என்ன பயிர் என்று பதிவாகியிருக்கும். நீங்கள் எடுக்கப்போகும் கோட்டில் தலைமடையில் இரண்டு, நடுவில் இரண்டு, கடைமடையில் இரண்டு என்று ஆறு கிராமங்கள் போதும். அதற்கு மேல் போனால் முதுகலைக் காலத்தில் முடிக்க முடியாது. அடங்கல் பசலி ஆண்டுப்படி எழுதப்படுவது. பசலி ஜூலை 1-இல் தொடங்கி மறு ஆண்டு ஜூன் 30-இல் முடிகிறது. பில்டர் பாயிண்டில் மே மாதமே நாற்றுவிட்டு ஜூனில் நட்ட குறுவை எந்தப் பசலியின் கணக்கில் ஏறுகிறது என்பதை ஒவ்வொரு கிராமத்திலும் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே ஆண்டுகளை ஒப்பிடத் தொடங்குங்கள்.